500 டிகிரி சுத்தம்!

ஓவனில் இருக்கும் ‘செல்ஃப் கிளீன்’ பட்டன் உண்மையில் என்ன செய்கிறது? அதை அழுத்துவதற்கு முன்னும் பின்னும் நாம் என்ன செய்ய வேண்டும்?

டொராண்டோவிலோ நியூஜெர்சியிலோ உள்ள தமிழ் வீடுகளில் ஓவனுக்குப் பல வேலைகள். குளிர்காலத்தில் உள்விளக்கை மட்டும் போட்டுவைத்து இட்லி மாவைப் பொங்க வைக்கும் இடம் அதுதான். மற்ற நாட்களில், அலமாரியில் இடம் கிடைக்காத நான்ஸ்டிக் தவாவும் இட்லிப் பானையும் பிளாஸ்டிக் டப்பாக்களும் அடைந்து கிடக்கும் கிடங்கு. வார இறுதியில் எப்போதாவது தந்தூரி சிக்கனோ பிறந்தநாள் கேக்கோ வேகும். அப்போது தெறித்த எண்ணெயும் வழிந்த மசாலாவும் அடித்தட்டில் கருகி ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை ஓவனைப் போட்டதுமே புகை கிளம்பி ஸ்மோக் அலாரம் கத்தும். அன்றைக்குத்தான் கண் அந்தப் பட்டன் பக்கம் போகும்.

அதை அழுத்திவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிடலாம் என்று தோன்றும். கிளம்பாதீர்கள். அந்தப் பட்டன் தண்ணீர் விடாது, சோப்புப் போடாது, தேய்க்காது. அழுக்கை எரிக்கும். சமையலறைக்குள் ஒரு சிறு உலையை மூட்டி, மூன்று நான்கு மணி நேரம் எரிய விடுகிறீர்கள். நெருப்பென்று நினைத்து அதற்கு உரிய மரியாதையோடு பயன்படுத்தினால், கை வலிக்கத் தேய்த்தாலும் போகாத கறை ஒரு பிற்பகலில் பிடி சாம்பலாகிவிடும். அந்த நினைப்பு இல்லாதபோதுதான் வீடு முழுக்கப் புகை, வெந்துபோன எலெக்ட்ரானிக் போர்டு, கூண்டில் செத்துக் கிடக்கும் கிளி என்று விவகாரம் வளர்கிறது.

கறை கல்லாவது எப்படி?

புது இரும்பு தோசைக்கல்லை எப்படிப் பழக்குவோம்? எண்ணெய் தடவி, சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி தடவுவோம். கருப்பாக, வழவழவென்று ஒரு படலம் கல்லோடு ஒன்றிப்போகும். எண்ணெய் மூலக்கூறுகள் சூட்டிலும் காற்றிலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பிளாஸ்டிக் போலக் கெட்டிப்படுவதால் உண்டாகும் படலம் அது. தோசைக்கல்லில் நாம் பாடுபட்டு வரவழைக்கும் அதே படலம், ஓவன் சுவரில் நாம் கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் பாத்திரம் தேய்க்கும் சோப்புக்கு அது அசைவதில்லை. சோப்புக்குத் திரவ எண்ணெயைப் பிரித்தெடுக்கத் தெரியும். இறுகிப்போன எண்ணெயிடம் அதன் வேலை செல்லாது.

அதை அகற்ற இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, காரம். கனடாவின் ரெஜினா நகரில் 1932-ல் ஹெர்பர்ட் மெக்கூல் என்பவர் உருவாக்கிய ‘ஈஸி-ஆஃப்’ அந்த வகை. இத்தகைய ஓவன் கிளீனர்களில் வேலை செய்வது காஸ்டிக் சோடா. அது கொழுப்பை உடைத்துச் சோப்பாகவே மாற்றிவிடும். கறை போகும், கையுறை போடாவிட்டால் கைத்தோலும் சேர்ந்து போகும். நெடி மூக்கை அரிக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து.

இரண்டாவது வழி, நெருப்பு. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தது. அதன் பொறியாளர் போதான் ஹுர்கோ வடிவமைத்த ‘தன்னைத்தானே சுத்தம் செய்யும் வீட்டு ஓவன்’ 1963-ல் விற்பனைக்கு வந்தது. சூடு வெளியேறாத தடித்த காப்பு, தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு, சமையலுக்குத் தேவையானதைப் போல இரு மடங்கு வெப்பம். 60 ஆண்டுகள் கழித்தும் அடிப்படை அதேதான்.

பூட்டிய கதவுக்குள்...

சாதாரணமாக நாம் கேக் வைப்பது 180 டிகிரி செல்சியஸ். கோழி வறுக்க 220. ‘செல்ஃப் கிளீன்’ போட்டால் வெப்பம் 470 முதல் 500 டிகிரி வரை ஏறும். ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகம் 419-ல் உருகும். அதற்கும் மேற்பட்ட சூடு இது.

பட்டனை அழுத்தியதும் கதவுக்குள்ளிருந்து ‘கிளிக்’ என்று ஒரு சத்தம். பூட்டு விழுந்துவிட்டது. உள்விளக்கு அணைந்துவிடும். முதல் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கருகல் வாசனை கிளம்பும். ஓவனின் புகைவாய் வழியாக மெல்லிய புகையும் வரும். கறையில் மிச்சமிருக்கும் கொழுப்பு ஆவியாகும் நேரம் இது. இதில்தான் தொந்தரவு அதிகம். அதன் பிறகு வெப்பம் உச்சத்துக்குப் போக, கறையிலுள்ள மூலக்கூறுகள் சிதறி வாயுக்களாகவும் கரியாகவும் பிரியும். அந்தக் கரியும் மெல்ல எரிந்து கார்பன்-டை-ஆக்ஸைடாகக் காற்றில் கலந்துவிடும். எரிய மாட்டேன் என்று கடைசிவரை அடம்பிடிப்பவை உணவிலிருந்த உப்பும் சுண்ணாம்பும் போன்ற தாதுக்கள் மட்டும். அடித்தட்டில் மிஞ்சும் வெள்ளைச் சாம்பல் அவைதான்.

சுழற்சி முடிந்துவிட்டதாகத் திரை காட்டினாலும் கதவு உடனே திறக்காது. வெப்பம் சுமார் 300 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் பூட்டு விடும். நடுவில் மின்சாரம் போனாலும் இதே கதைதான். அவசரப்பட்டுக் கைப்பிடியை இழுத்துப் பூட்டை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. இழுக்காதீர்கள்; ஆறினால் தானே திறக்கும்.

தமிழ்நாட்டில் இப்போது பரவலாக இருக்கும் ‘ஆட்டோ கிளீன்’ சிம்னியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் ஒரு ஹீட்டர் சற்று நேரம் சூடாகி, ஒட்டியிருக்கும் எண்ணெயை உருக்கிக் கீழே உள்ள கிண்ணத்தில் வடியவிடும். அங்கே உருக்குவதோடு சரி, எரிப்பது இல்லை. கிண்ணத்தைக் கழுவி வைத்தால் வேலை முடிந்தது.

உங்கள் ஓவன் எந்த ஜாதி?

சந்தையில் மூன்று வகை ஓவன்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே வைத்தியம் செய்தால் ஓவன்தான் கெடும்.

முதல் வகை, மேலே சொன்ன எரிக்கும் வகை. உட்சுவர் கண்ணாடி போல வழவழப்பாக, கருப்பு அல்லது கருநீல எனாமலாக இருக்கும். பட்டனை அழுத்தினால் 2 மணி, 3 மணி, 4 மணி என்று நேரம் கேட்கும்.

இரண்டாவது, நீராவி வகை. அடித்தட்டில் ஒரு கப் தண்ணீர் ஊற்றச் சொல்லும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சூடு குறைவு, புகை கிடையாது, கதவு உலைபோலக் கொதிக்காது. ஆனால் கறையை ஊறவைத்துத் தளர்த்துவதோடு அதன் பொறுப்பு முடிந்தது. துடைப்பது உங்கள் பாடு. நேற்றுச் சிந்தியதற்கு இது போதும். ஆறு மாதமாகக் கருகிக் கிடக்கும் சர்க்கரைப் பாகு இதற்கெல்லாம் மசியாது.

மூன்றாவது, ஐரோப்பிய ஓவன்களில் பார்க்கக்கூடியது. பக்கச்சுவர்த் தகடுகள் மட்டும் தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். மாங்கனீசு ஆக்ஸைடு போன்ற வினையூக்கிகள் பூசப்பட்ட, நுண்துளைகள் நிறைந்த தகடுகள் அவை. எண்ணெய்த் துளி தெறித்தால் உறிஞ்சிக்கொண்டு, 200 டிகிரிக்கு மேல் சமைக்கும்போதே சிறுகச் சிறுக எரித்துவிடும். இந்தத் தகடுகளில் சோப்போ ஸ்ப்ரேயோ கம்பிநாரோ படவே கூடாது. துளைகள் அடைபட்டால் அத்தோடு அதன் கதை முடிந்தது.

எது உங்களுடையது என்பதில் சந்தேகம் இருந்தால், கையேட்டைத் தேடி எடுங்கள். தொலைந்து போயிருந்தால் கதவு விளிம்பிலோ கீழ் டிராயருக்குள்ளோ மாடல் எண் ஒட்டியிருக்கும். அதை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

பட்டனுக்கு முன் உங்கள் வேலை

எரிக்கும் வகை ஓவனில் பாதிச் சுத்தம் பட்டனை அழுத்துவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதல் காரியம், உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுப்பது. இட்லி மாவுப் பாத்திரமும் தவாவும் மட்டுமல்ல. பீட்சா கல், இறைச்சியின் சூடு பார்க்கும் கம்பி, அடித்தட்டில் விரித்த அலுமினியத் தாள், லைனர் எல்லாமே. அலுமினியத் தாள் இந்தச் சூட்டில் எனாமலோடு ஒட்டிக்கொண்டால் பிறகு பெயர்க்கவே முடியாது. ஓவனுக்குக் கீழே டிராயர் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். பிளாஸ்டிக் கரண்டியோ டப்பா மூடியோ அங்கே ஒளிந்திருக்கும். மேலே அடுப்பு மேடையிலும் எதுவும் இருக்கக் கூடாது.

அடுத்து கம்பித்தட்டுகள். பளபளவென்றிருக்கும் குரோமியம் பூசிய தட்டுகளை உள்ளே விட்டால் நிறம் மங்கி, வழுக்கிக்கொண்டு போன தட்டு கரகரவென்று சிக்க ஆரம்பிக்கும். உள்ளேயே விடலாம் என்று கையேடு சொன்னால் மட்டும் விடுங்கள். மற்றபடி, குளியல் தொட்டியில் பழைய துண்டு ஒன்றை விரித்து, தட்டுகளை அதன்மேல் வைத்து, வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்றி இரவெல்லாம் ஊறவிட்டால் போதும். காலையில் லேசாகத் தேய்த்தால் கறை உரிந்து வரும். ஏற்கெனவே சிக்கும் தட்டாக இருந்தால், கழுவி உலர்த்திய பின் ஓரங்களில் இரண்டு சொட்டுச் சமையல் எண்ணெய் தடவுங்கள்.

மூன்றாவது, தேங்கிக் கிடக்கும் எண்ணெயையும் தளர்ந்த கருகல் துண்டுகளையும் ஈரத்துணியால் வழித்தெடுப்பது. இதைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். எப்படியும் எரியத்தானே போகிறது என்று விட்டால், மெல்லப் புகைய வேண்டிய கொழுப்பு குப்பென்று பற்றிக்கொள்ளும். பால், தக்காளி, எலுமிச்சை, சர்க்கரைப் பாகு சிந்தியிருந்தால் கட்டாயம் துடைத்துவிடுங்கள். அவை அப்படியே எரிந்தால் எனாமலில் தழும்பு விழும்.

நான்காவது, கதவைச் சுற்றியுள்ள விளிம்பு. கதவை மூடினால் காற்றுப் புகாமல் அடைக்க, நார்க்கயிறு போல ஒரு கேஸ்கெட் ஓடும். அதற்கு வெளிப்பக்கம் உள்ள சட்டத்தில் சுத்தம் செய்யும் அளவுக்குச் சூடு வராது. அங்குள்ள கறை எரியாமல் இன்னும் இறுகிப்போகும். ஆகவே அந்தப் பகுதியைச் சோப்புத் தண்ணீரால் கையாலேயே துடைத்துவிட வேண்டும். கேஸ்கெட்டை மட்டும் தொடாதீர்கள். கண்ணாடி இழையால் பின்னியது அது; தேய்த்தால் நைந்துவிடும். நைந்த இடத்தில் அனல் கசியும். சில மாடல்களில் கீழ்ப்பக்கம் கேஸ்கெட் இடைவெளி விட்டிருக்கும். அறுந்துவிட்டதோ என்று பதற வேண்டாம், காற்றோட்டத்துக்காக வேண்டுமென்றே விட்டது.

கடைசியாக ஒன்று: உள்ளே எந்த ஓவன் கிளீனரையும் அடிக்காதீர்கள். ‘இரண்டும் சேர்ந்தால் இன்னும் பளிச்சென்று ஆகுமே’ என்று காஸ்டிக் ஸ்ப்ரே அடித்துவிட்டுப் பட்டனை அழுத்தினால், மிச்சமிருக்கும் காரம் 500 டிகிரியில் எனாமலையே அரித்துவிடும். நெடியும் தாங்காது.

காற்றைக் கவனியுங்கள்

எரியும் இடத்தில் புகை வரும். அந்தப் புகையில் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்ஸைடும் கொஞ்சம் இருக்கும். அதனால் ஜன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்புக்கு மேலுள்ள எக்ஸாஸ்ட் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட வேண்டும். சில வீடுகளில் அந்த ஃபேன் புகையை வெளியே தள்ளாது, வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடும். அப்படியென்றால் ஜன்னல்தான் கதி. வெளியே மைனஸ் 20 டிகிரி பனி கொட்டும் ஜனவரியில் எந்த ஜன்னலைத் திறப்பது? வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ செய்வதே புத்திசாலித்தனம். வீட்டில் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இல்லையென்றால் முதலில் அதை வாங்கி மாட்டுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தைகள், வயதானவர்கள் அந்த நேரத்தில் வேறு அறையிலோ வெளியிலோ இருப்பது நல்லது.

வீட்டில் பறவை வளர்ப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். நான்ஸ்டிக் பாத்திரங்களில் பூசப்படும் டெஃப்லான் வகைப் பொருள் 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். சூடு ஏற ஏற நச்சு வாயுவின் அளவும் கூடும். மனிதருக்கு அது ஃப்ளூ காய்ச்சல் போல வந்து போகலாம். கிளிக்கும் லவ் பேர்ட்ஸுக்கும் உயிரே போய்விடும். பறவையின் நுரையீரல் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை நம்மைவிடத் திறமையாக உறிஞ்சும்; நஞ்சையும் அதே திறமையோடு உறிஞ்சும். ஓவனுக்குள் மறந்து விட்ட ஒரு நான்ஸ்டிக் தட்டு போதும். சில ஓவன்களின் பாகங்களிலேயே இந்தப் பூச்சு இருப்பதுண்டு. பறவைக் கூண்டை அடுத்த அறைக்கு மாற்றினால் போதாது. சுத்தம் முடிந்து வீடு காற்றாடும் வரை வேறொருவர் வீட்டில் விட்டுவையுங்கள்.

ஓவன் ஓடும்போது வீட்டில் ஒரு பெரியவர் விழித்திருக்க வேண்டும். இரவில் போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது. கதவின் வெளிக்கண்ணாடியும் வழக்கத்தைவிட அதிகமாகச் சுடும். தவழும் குழந்தை கையை வைத்துவிடாமல் தடுப்பு வையுங்கள். உள்ளே தீச்சுடர் தெரிந்தால் கதவைத் திறக்க முயலாதீர்கள். காற்றுப் பட்டால் தீ பெரிதாகும். நிறுத்தும் பட்டனை அழுத்தி, முடிந்தால் பிரேக்கரை அணையுங்கள். மூடிய பெட்டிக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்ததும் தீ பொதுவாகத் தானே அடங்கும். அடங்காவிட்டால் வீட்டை விட்டு வெளியேறி, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

சாம்பல் அள்ளும் நேரம்

ஓவன் கை பொறுக்கும் அளவுக்கு முழுக்க ஆறட்டும். திறந்தால் அடித்தட்டில் திருநீறு போல வெண்சாம்பல் படிந்திருக்கும். உலர்ந்த சாம்பலைக் கையால் தட்டினால் பறந்து மூக்கில் ஏறும். ஈரத்துணியால் பின்னிருந்து முன்னாகத் துடைத்து எடுங்கள். மூலைகளில் மட்டும் துணி எட்டாமல் ஒரு கோடு நிற்கும். துணியைப் பழைய பிரஷ்ஷின் முனையில் சுற்றி இழுத்தால் வந்துவிடும். சோப்புத் தேவையில்லை. இன்னும் கருப்புப் புள்ளிகள் இருந்தால் அடுத்த முறைக்கு விட்டுவிடலாம். கத்தியால் சுரண்டக் கூடாது. எனாமல் என்பது எஃகின்மேல் உருக்கிப் பூசிய கண்ணாடி; ஒரு சில்லுப் பெயர்ந்தால் அங்கிருந்து துரு பரவும்.

விருந்துக்கு முந்தின நாள் வேண்டாம்

வீட்டு உபகரணப் பழுது பார்ப்பவர்கள் வட அமெரிக்காவில் ஆண்டுதோறும் சொல்லும் புத்திமதி இது. நன்றி தெரிவிக்கும் நாள், கிறிஸ்துமஸ் ஆகியவற்றுக்கு முன்னால் ஓவனைப் பளிச்சென்று ஆக்கிவிடலாம் என்று பலர் பட்டனை அழுத்துவார்கள். விருந்தன்று ஓவன் உயிர்விட்டிருக்கும். மணிக்கணக்கில் 500 டிகிரியில் காயும்போது, மேலே கன்ட்ரோல் போர்டுக்கும் சூடு ஏறும். சூடு எல்லை மீறினால் தெர்மல் ஃப்யூஸ் தன்னையே பலிகொடுத்து மின்சாரத்தைத் துண்டிக்கும். பூட்டை இயக்கும் சிறு மோட்டாரும் சிக்கிக்கொள்ளும். ஃப்யூஸின் விலை பெரிதல்ல. பண்டிகை வாரத்தில் அதை மாட்ட ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. தீபாவளிக்கு நாலு பேரைக் கூப்பிட்டிருக்கிறீர்களா? ஒரு மாதம் முன்பே சுத்தம் செய்யுங்கள், அல்லது பண்டிகை கழியட்டும்.

கைவைத்தியம்

பட்டனே வேண்டாம் என்பவர்களுக்கும், பட்டன் இல்லாத சிறிய ஓடிஜி வைத்திருப்பவர்களுக்கும் எளிய வழி உண்டு. ஓடிஜியாக இருந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்கி ஆறவிடுங்கள். பேக்கிங் சோடாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஹீட்டர் கம்பிகளில் படாமல், கறை மேல் பூசுங்கள். இரவெல்லாம் விட்டு, காலையில் பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்து, ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைத்தெடுங்கள். கதவுக் கண்ணாடிக்கும் இதுவே மருந்து. அதற்கு அரை மணி நேரமே போதும். மேலே சொன்ன சொரசொரப்புத் தகடுகளில் மட்டும் இது ஆகாது.

பேக்கிங் சோடாவோடு வினிகரைக் கலந்து நுரை பொங்கும் வீடியோக்களைப் பார்த்து மயங்காதீர்கள். காரமும் அமிலமும் ஒன்றையொன்று சமன் செய்துகொண்ட பின் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். சோடாவைத் தனியாகப் பயன்படுத்தி, கடைசியில் வெண்படிவத்தைத் துடைக்க மட்டும் வினிகரைத் தொட்டுக்கொள்ளலாம். பிளீச்சிங் திரவத்தோடு வினிகரையோ அம்மோனியாவையோ எந்தக் காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது. கிளம்புவது நச்சு வாயு.

எத்தனை முறை?

எரிக்கும் வகை ஓவனில் காப்பு தடிமனாக இருப்பதால் அன்றாடச் சமையலுக்கு மின்சாரம் குறைவாகவே பிடிக்கும். ஆனால் மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் செல்ஃப் கிளீன் போட்டால், மிச்சம் பிடித்ததைவிட அதிகம் செலவாகிவிடும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. வாரம் ஒருமுறை ஓவன் பயன்படுத்தும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தாராளம். நடுவில் சிந்தியதை அன்றன்றைக்கே, ஓவன் வெதுவெதுப்பாக இருக்கும்போதே துடைத்துவிட்டால் அதுகூட வேண்டியிருக்காது.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் தங்கள் வீட்டைப் பார்த்து முடிவெடுக்கட்டும். வாரந்தோறும் கோழியும் ஆட்டுக்காலும் வறுபடும் வீடு, ஜன்னல் திறந்தால் காற்று அள்ளும் சமையலறை, கவனித்துக்கொள்ள ஒரு ஆள் என்றால் எரிக்கும் வகையை எடுங்கள். அதன் அளவுக்குச் சுத்தம் வேறெதிலும் வராது. ஜன்னலில்லாத அபார்ட்மென்ட் சமையலறை, வீட்டில் கிளிக்கூண்டு, மூச்சுத்திணறல் உள்ள தாத்தா பாட்டி என்றால் நீராவி வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துணி பிடித்துத் துடைக்கும் வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.